சார்ஜென்ட் ஹார்ட்லியின் மாடி வீட்டுக்காரர்

நடந்தவை, வரிசைப்படி:

1. கனடாவிலிருந்து ஒரு வெண்கலச் சின்னத்தைத் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன்.
2. அம்மா அதை வீட்டுக்குள் விடவில்லை.
3. அதற்கு ஆயுத பூஜை நடந்தது.
4. ஆவடியில் இறங்கத் தவறி, ரயிலோடு அண்ணனூர் பணிமனைக்குள் போனேன்.
5. பூந்தமல்லியில் நூறு வருடத்துக்கும் மேலாகப் படுத்திருக்கும் ஒரு போலீஸ்காரரைக் கண்டுபிடித்தேன். அவர் தனியாக இல்லை.
6. படிவத்தில் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பினேன்.
7. அதனால், இறந்து ஆறு வருடமான ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுநருக்கு இடத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் போனது.
8. ஏழாவதைச் சரிசெய்யப் பார்த்தேன்.

ஆறாவதைத் தவிர மற்றதெல்லாம் மற்றவர்களும் சேர்ந்து நடத்தியவை. ஆறாவது என் கைவேலை மட்டும்.

நான் படித்தது இயந்திரவியல். வெல்டிங் மூட்டுகளுக்குள் ஒலி அலையை அனுப்பி, விரிசல் உண்டா இல்லையா என்று பார்த்துச் சான்று எழுதுவது என் வேலை. அந்த வேலை என்னைக் கனடாவின் புல்வெளிப் பகுதியில் ஒரு சிறிய ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த ஊரில் பார்ப்பதற்கு மூன்று இருக்கின்றன: கோதுமை, கோதுமைக் கிடங்கு, பனி. வார இறுதியில் மனிதர்களோடு பேச வேண்டுமென்றால் ஏதாவது ஒரு குழுவில் சேர வேண்டும். எனக்கு அமைந்தது கல்லறைக் குழு.

அந்த எல்லைப்புறத்துக்குச் சட்டத்தை முதன்முதலில் குதிரைமேல் ஏற்றிக் கொண்டுவந்த போலீஸ்காரர்களின் கல்லறைகளைத் தேடிப் பிடித்து, சாய்ந்த கல்லை நிமிர்த்தி, கழுவி, காலடியில் ஒரு வெண்கலச் சின்னம் பதிப்பது குழுவின் பணி. ஓய்வு பெற்றவர்கள் ஏழு பேர். நான் எட்டாவது, ஓட்டுரிமை இல்லாதவள். தலைவி டாரத்திக்கு எழுபது வயதுக்கு மேல். முழங்காலிட்டுக் கல் கழுவினால் என்னைவிட வேகம். வேலை முடிந்ததும் புல்லில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும், கேரட் துருவிப் போட்ட ஜெல்லியும் சாப்பிடுவார்கள். அந்த ஜெல்லியைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் உண்மை சொன்னதில்லை.

குழுவிடம் பதினொரு விதிகள் கொண்ட ஒரு தாள் உண்டு. கம்பி பிரஷ் கூடாது. ஆசிட் கூடாது. பிளீச்சிங் கூடாது. எழுத்துக்கு வண்ணம் தீட்டவே கூடாது. சுத்தமான தண்ணீர், மெல்லிய பிரஷ், மரக்குச்சி, பொறுமை. எனக்கு அந்தத் தாள் மிகவும் பிடித்திருந்தது. விதிகள் எண்ணிடப்பட்டிருந்தால் எனக்கு உலகமே பிடித்துவிடும்.

ஒருமுறை மட்டும் ஒரு கேள்வி கேட்டேன். போலீஸ் கல்லறைகளுக்கு அந்தப் பக்கம், வேலிக்கு வெளியே, புல்லுக்குள் சில மேடுகள் தெரிந்தன. அந்த நிலத்தில் முதலில் இருந்தவர்கள், போலீஸ் வந்து ஓரங்கட்டியவர்கள். அவர்களுக்குக் கல் இல்லை. “அவை?” என்றேன். “அது வேறு குழு, அன்பே” என்றார் டாரத்தி. அப்படி ஒரு குழு அந்த ஊரில் இல்லை.

குழுவிடம் ஒரு பெரிய அட்டவணையும் உண்டு. முதல் படையில் வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. புதைத்த இடம், கல்லின் நிலை, கடைசியில் ‘மீட்கப்பட்டது’ என்று டிக் அடிக்க ஒரு கட்டம். காலியாக இருந்த வரிகளில் ஒன்று சார்ஜென்ட் ஹார்ட்லி. வேலையை விட்டு, ராணுவத்தில் இருந்த தம்பியைப் பார்க்கக் கப்பலேறி, போன இடத்திலேயே காய்ச்சலில் இறந்தவர். போன இடம் பூந்தமல்லி. டாரத்தி அதை உச்சரித்த விதத்தில் அது இத்தாலியில் இருப்பதுபோல் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம் என்றேன். ஏழு பேரும் கை தட்டினார்கள். அடுத்த மாதம் எனக்கு விடுமுறை.

முதல் நாள். மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வெண்கல வட்டத்தைக் கையில் எடுத்து, “இது என்னம்மா?” என்றார். “கல்லறையில் பதிக்கிற சின்னம், சார்.” பட்டென்று கீழே வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். “போம்மா, போ.” அடியில் இருந்த சாக்லேட்டை அவர் பார்க்கவே இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இந்தச் சின்னத்தைப் பற்றி யோசிக்கலாம்.

அம்மா அவ்வளவு சுலபமாக விடவில்லை. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு கேட்டில் நின்றபடியே கேட்டாள்: “இன்னாடி அது?”

சொன்னேன்.

“பொணத்துக்கு வெக்கிறதா? அத்த தூக்கிகினு ஊட்டுக்குள்ள காலெடுத்து வெச்சேன்னா பாரு.”

“அது இன்னும் எங்கேயும் வைக்காதது அம்மா. புதுசு.”

“புதுப் பாடையும் பாடைதான். அங்கியே வெய்யி.”

சார்ஜென்ட் ஹார்ட்லியின் சின்னம் மின்சார மீட்டர் பெட்டிமேல் குடியேறியது. நான் உள்ளே போய் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். ஜெல்லியை நினைத்து இன்னொரு கரண்டி வடகறி ஊற்றிக்கொண்டேன்.

நான்காம் நாள் ஆயுத பூஜை. அப்பா தொழிற்பேட்டையில் முப்பது வருடம் லேத் ஓட்டியவர். உலோகமாக இருந்து, அசையாமல் நின்றால், அன்றைக்கு அதற்குப் பொட்டு வைத்துவிடுவார். ஸ்கூட்டர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், என் லேப்டாப். நான் குளித்துவிட்டு வருவதற்குள் மீட்டர் பெட்டிமேல் இருந்த சின்னத்துக்கும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. “நல்ல காஸ்டிங்மா, பிசிறே இல்லாம வாத்துகிறான், சும்மா சொல்லக் கூடாது” என்றார். படம் எடுத்து டாரத்திக்கு அனுப்பினேன். பதில் வந்தது: “அழகு. ஆனால் அது ரத்தமா?”

ஐந்தாம் நாள் கிளம்பினேன். அப்பா, “பூந்தமல்லிக்கு நேரா பஸ்சு கீதேம்மா” என்றார். ஃபோன் வரைபடம் ரயிலில் ஆவடி போய் அங்கிருந்து பஸ் என்றது. இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இந்த ஊரில் அறுபது வருட அனுபவம். நான் ஃபோனை நம்பினேன்.

ரயிலில் டாரத்தி வீடியோவில் வந்தார். அங்கே முந்தைய நாள் இரவு. விதிகளை ஒருமுறை சேர்ந்து வாசித்துவிடலாம் என்றார். ஏழாவது விதியில் இருந்தபோது வண்டி நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், ஒன்பதாவதில் வண்டி கிளம்பியது. பதினொன்றில் தலையைத் தூக்கினால், பெட்டியில் நான் மட்டும். வெளியே நடைமேடை இல்லை. இரண்டு பக்கமும் காலி ரயில்கள், வரிசையாக, அண்ணனூர் பணிமனை.

துடைப்பத்தோடு ஏறி வந்த ஒரு பெண் என்னைப் பார்த்து நின்றாள். “இன்னா மேடம், புதுசா வேலைக்குச் சேந்துகிறீங்களா?”

“ஆவடியில இறங்க மறந்துட்டேன்.”

“வண்டியே எறங்கிருச்சு, நீ எறங்கலியா!” வெளியே எட்டிப் பார்த்துக் கத்தினாள்: “யக்கா, இங்க ஒரு பாப்பா போன்ல வெள்ளக்காரிகிட்ட பாடம் படிச்சுகினு கீது. ஏணி எடுத்தா!”

ஏணி வந்தது. ரயில் பெட்டிக்கும் தரைக்கும் எவ்வளவு உயரம் என்பது நடைமேடை இல்லாத இடத்தில்தான் தெரியும். நான் இறங்கும் வரை டாரத்தி திரையில் இருந்தார். “மிக ஒழுங்கான ரயில் நிலையம்” என்றார்.

பூந்தமல்லி பஸ்சில் மெட்ரோ தூண்களின் தூசியையும், ஒரு மீன் கூடையையும் பகிர்ந்துகொண்டேன். இறங்கியதும் வேலைக்கு முன் பிரியாணி என்று ஒரு வரியை என் பட்டியலில் சேர்த்து, சாப்பிட்டு, டிக் அடித்தேன். அன்றைக்கு நான் சரியாக அடித்த டிக் அது ஒன்றுதான்.

கல்லறைத் தோட்டத்தின் காவலர் தேவராஜ் அண்ணன். ஐம்பது வயதுக்கு மேல், லுங்கி, காதில் பென்சில்.

“போலீஸ்காரர் கல்லறையா? எந்த ஸ்டேஷனு?”

“கனடா.”

“கனடா ஸ்டேஷனு…” கொஞ்சம் யோசித்தார். “ஆ, நம்ம தொர! குதுரப் படம் போட்ட கல்லு. வா, வா. நல்லா கீறாரு.”

நல்லாத்தான் இருந்தார். நான் அட்டவணையில் எதிர்பார்த்த வகைகள் மூன்று: உடைந்தது, சாய்ந்தது, எழுத்து தேய்ந்தது. அங்கே நேராக நின்ற ஒரு கருங்கல். பெயர், பதவி, குதிரை எல்லாம் தங்க நிற எனாமல் பெயின்டில் தகதகத்தன. குதிரைக்கு வெள்ளைக் கண் வரைந்து, உள்ளே கறுப்பு மணி வைத்திருந்தார்கள். கல்லுக்கு முன்னால், சார்ஜென்ட் படுத்திருக்க வேண்டிய நீளத்துக்கு, இடுப்பளவு உயரத்தில் ஒரு டைல்ஸ் மேடை. நீல நிற பாத்ரூம் டைல்ஸ். ஒன்று விட்டு ஒன்றில் டால்பின் துள்ளியது. கடலே இல்லாத ஊரில் குதிரை ஓட்டிய மனிதர்.

மேடையின் நெற்றியில் ஒரு ஸ்டீல் தகடு: ‘த. ஆரோக்கியம்’. கல்லின்மேல் ஒரு காய்ந்த மாலை, தகட்டின்மேல் ஒரு காய்ந்த மாலை. இரண்டும் ஒரே அளவு.

“இது யார், அண்ணா?”

“அது மேல ஊட்டுக்காரரு” என்றார் தேவராஜ். “இங்க எடம் ஏது? யாரும் வராத பழைய குழியா பாத்து, கமிட்டில கேட்டு, தோண்டி, மேலயே வெக்கிறதுதான். அந்தாளு சம்சாரம் வருசா வருசம் வரும். ரெண்டு பேத்துக்கும் சேத்துத்தான் செய்யும்.”

“எதால கழுவுவாங்க?”

“ஆசிட்டு, கம்பி பிரஷ்ஷு, அப்பறம் பிளீச்சிங். சும்மா பளிச்சுனு ஆக்கிரும்.”

என் தாளில் இருந்த விதிகளில் பாதியை ஒரே பெண்மணி வருடந்தோறும் ஒரே காலையில் மீறிக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் தொழில் முறையில் சொல்ல வேண்டும். அந்த விதிகள் சலவைக்கல்லுக்காக எழுதியவை. இது நம் ஊர்க் கருங்கல். விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு எழுத்தின் விளிம்புகூட மழுங்கவில்லை.

அங்கேயே ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து ஃபோனில் படிவத்தை நிரப்பினேன். கல்லின் நிலை: உறுதி. அனுமதியற்ற வண்ணம்: உண்டு. ஆக்கிரமிப்பு: உண்டு. கல்லறையைப் பராமரிக்கும் குடும்பம்: நான் ஹார்ட்லி வம்சத்தை நினைத்துக்கொண்டேன், ‘இல்லை’ என்று எழுதினேன். எனக்கு முன்னால் இரண்டு மாலைகள் இருந்தன. ஒன்பது படங்கள் இணைத்து, காவலர் கொடுத்த கமிட்டி முகவரியையும் சேர்த்து, பஸ் வருவதற்குள் அனுப்பிவிட்டேன். பணி முடிந்தது என்று நினைத்து ஒரு ரோஸ் மில்க் குடித்தேன்.

வீட்டில் அம்மா கேட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரோடு நின்றாள். தலையில் ஊற்றிய பிறகுதான் உள்ளே.

டாரத்தியின் குழு சுறுசுறுப்பானது. மறுநாளே கல்லறைக் கமிட்டிக்கு மிக மரியாதையான ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது: எங்கள் சார்ஜென்ட்டின் கல்லறையை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவர உதவினால் நன்றியுடையவர்களாக இருப்போம். இதெல்லாம் பதினோராம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னவர், எங்கள் வீட்டு கேட்டைத் தட்டியவர்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். தொழிற்பேட்டை கேன்டீன் சீருடை, தோளில் பை, கையில் ஒரு தாள்.

“கனடா பொண்ணு இந்த ஊடு தானா?”

“ஆமாங்க. நான்தான்.”

“நான் ரீட்டா. மூணு தெரு தள்ளி.” தாளை நீட்டினார். “எங்க ஊட்டுக்காரர காலி பண்ணச் சொல்லி நோட்டீசு வந்துகீது. நீ எழுதிக் குடுத்தியாமே. தேவராஜு சொன்னாரு.”

வாங்கிப் படித்தேன். அனுமதியின்றி எழுப்பப்பட்ட மேடையைக் கல்லறைத் திருநாளுக்கு முன் அகற்ற வேண்டும். தவறினால் கமிட்டியே அகற்றும். எச்சங்கள் பொதுக்குழிக்கு மாற்றப்படும். கீழே செயலாளர் சாலமன் என்ற கையெழுத்து. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று அடைப்புக்குறிக்குள்.

“அனுமதி வாங்கித்தானே வெச்சீங்க?”

“வாயால குடுத்தாங்க. அங்க யாருக்கு பேப்பரு கீது? அம்பத்தூர்ல எங்கியும் எடம் இல்லன்னுட்டாங்க. அவரு பொறந்தது பூந்தமல்லி, அதால அங்க கேட்டோம். ‘வெள்ளக்காரன் குழி ஒண்ணு கீது, கல்லையும் சேத்துப் பாத்துக்கிறியா’ன்னாங்க. பாத்துக்கிறேன்னேன். இன்னிக்கு வரிக்கும் பாத்துகினு தான கீறேன்?” அவர் கண்கள் மீட்டர் பெட்டிமேல் நின்றன. சந்தனம் காய்ந்து, குங்குமம் வழிந்த சின்னம். “இன்னா அது?”

“துரைக்கு வைக்கக் கொண்டுவந்தது.”

“ஓ. அவருக்குத் தட்டு, எங்காளுக்குப் பொதுக்குழி.”

அம்மா வெளியே வந்தாள். பதினொரு நாளில் முதல்முறையாக அந்தச் சின்னத்தின் பக்கம் வந்து நின்று, என்னைப் பார்த்து, “படிச்சவதான நீ? இன்னாத்தடி எழுதிக் குடுத்த?” என்றாள்.

அன்று மாலை ரீட்டா அக்கா வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முதலில் சாப்பிடச் சொன்னார், திட்டு அதற்கு அப்புறம் வந்தது. நெத்திலி வறுவல், சூடான சோறு, ரசம். சுவரில் ஆரோக்கியம், காக்கிச் சட்டையில், ஆட்டோவில் சாய்ந்தபடி.

“ஷேர் ஆட்டோ ஓட்டுனாரு. மூணு பேரு ஏத்துற வண்டில எட்டு பேர ஏத்துவாரு. உசுரோட இருக்கசொல்ல தூரத்துல போலீசு தொப்பி தெரிஞ்சா போதும், வண்டி சந்துல பூந்துரும். அப்பேர்ப்பட்ட ஆளு…” சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. “குழி தோண்டி முடிச்சதும் தேவராஜு சொல்றாரு, கீழ கீறது போலீசுன்னு. எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. கடசில மாட்டிகினாரு பாரு!”

“எப்படி இறந்தாரு?”

“நெஞ்சு வலி. வண்டிய ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்க போட்டுட்டு செத்தாரு. உள்ள எட்டு பேரு. ஒர்த்தருக்கு ஒரு கீறல் இல்ல.” நிறுத்திவிட்டு என் தட்டில் இன்னும் நெத்திலி வைத்தார். “எனக்குன்னு அவர் பேர் போட்ட எடம் அது ஒண்ணுதான். இந்த ஊடு வாடக. ஆட்டோவும் வாடக.”

“துரையையும் ஏன் கழுவுறீங்க அக்கா?”

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “மாடில குடியேறிட்டு, கீழ் ஊட்டுக்காரன கண்டுக்காம இருந்தா நல்லா இருக்குமா?”

பிறகு திட்டினார். அதை இங்கே எழுதத் தேவையில்லை. நியாயமாக இருந்தது.

என் வேலையில், தப்பான சான்றுக்குக் கையெழுத்துப் போட்டால் ஒரு முறை இருக்கிறது. பழையதைக் கிழிக்கக் கூடாது. அதன்மேல் சிவப்பில் ‘திரும்பப் பெறப்பட்டது’ என்று அடித்து, காரணம் எழுதி, திருத்த அறிக்கை கொடுக்க வேண்டும். தொழிற்சாலையில் நான் அதைச் செய்ய நேர்ந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அன்றைக்கு முதல்முறை செய்தேன். விதித் தாளைத் திரும்ப எடுத்தேன். பதினோராவது விதி, ரயிலில் பாதி காதில் கேட்ட அதே விதி: கல்லறையைப் பராமரிக்கும் குடும்பத்தின் கையெழுத்து இல்லாமல் எதையும் தொடக் கூடாது. குடும்பம் என்றால் ரத்த உறவு என்று அதில் எங்கும் இல்லை. திருத்த அறிக்கையில் எழுதினேன்: பராமரிக்கும் குடும்பம், ரீட்டா ஆரோக்கியம், கள்ளிக்குப்பம். ஆக்கிரமிப்பு, இல்லை.

மறுநாள் காலை டாரத்தி வீடியோவில் வந்தார். “ஆனால் இந்தப் பெண்மணி சார்ஜென்ட்டுக்கு உறவு இல்லையே.”

“நீங்கள் கழுவும் கல்லறைகளில் உங்கள் உறவு எத்தனை பேர், டாரத்தி?”

இணைப்பு நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். டாரத்தி கண் சிமிட்டினார். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

“பெயின்ட் அடிக்கிறாள்” என்றார் கடைசியில்.

“ஆமாம். ஆறு வருடமாக ஒரு வருடம்கூட விடாமல்.”

குழு கூடியது. காபி கேக் வெட்டி, இரண்டு மணி நேரம் விவாதித்து, வாக்கெடுத்தார்கள். நான்குக்கு மூன்று. தலைப்புத் தாளில் கடிதம் வந்தது: சார்ஜென்ட் ஹார்ட்லியின் கல்லறையைத் திருமதி ரீட்டா பராமரிக்கிறார் என்பதை நாங்கள் அறிவோம், அவர் ஒப்புதல் இல்லாமல் எதுவும் செய்ய வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம். அச்செடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். இந்த முறை நேர் பஸ்.

சாலமன் சார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தார். “கேட்டுக்கொள்கிறோம்னுதானே இருக்கு? உத்தரவிடுகிறோம்னு இல்லையே.”

“சார், அவங்க கல்லறை. அவங்களே வேண்டாம்னு சொல்றாங்க.”

“அப்படியில்லம்மா. பழைய நிலைக்குக் கொண்டுவரணும்னு முதல்ல கேட்டதும் அவங்கதான். நாங்க தீர்மானம் போட்டாச்சு. ஃபிளெக்ஸும் அடிச்சாச்சு.”

ஃபிளெக்ஸ் மேசைக்குப் பின்னால் சுருட்டியிருந்தது. பிரித்துக் காட்டினார். ‘கனடா காவல் வீரர் கல்லறைச் சீரமைப்பு விழா.’ ஹார்ட்லியின் படம் உலகில் எங்கும் இல்லாததால், இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு சிவப்புச் சட்டைக்காரரைப் போட்டிருந்தார்கள். அவர் ஸ்டாம்ப் அளவு. கமிட்டி உறுப்பினர்கள் ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டு அளவு. தூதரகத்திலிருந்து யாராவது வருவார்களா என்று என்னிடம் கேட்டார். வரமாட்டார்கள் என்றேன். “நீங்க வருவீங்கல்ல?” என்றார், சிறப்பு விருந்தினர் நாற்காலிக்கு அடுத்த வேட்பாளரைப் பார்ப்பதுபோல்.

கல்லறைத் திருநாள். ஊரில் எல்லோரும் பெயின்ட் டப்பாவோடு கல்லறைக்கு வரும் நாள். வெள்ளை, நீலம், வெள்ளி, ரோஸ். குழந்தைகள் கையில் மெழுகுவத்தி, பெண்கள் மடியில் சாமந்தி, வாசலில் பஜ்ஜிக் கடை. கனடாவில் ஏழு பேர் மூச்சுவிடாமல் செய்கிற காரியத்தை இங்கே சில நூறு பேர் சத்தம் போட்டுக்கொண்டு செய்கிறார்கள். விதித் தாள் என் பையில் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

ரீட்டா அக்கா விடிந்ததும் வந்துவிட்டார். இரண்டு மாலை, ஒரு டப்பா தங்க பெயின்ட். டால்பின்கள்மேல் ஏறி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாலமன் சாரும் கமிட்டி ஆட்களும் கடப்பாரையோடு இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்தார்கள்.

“எழுந்திரும்மா. பிரச்சினை பண்ணாதே.”

“எம் புருசன் மேல நான் குந்திகினு கீறேன். உங்களுக்கு இன்னா பிரச்சின?”

“இது துரையோட கல்லறை.”

“அவரு ஒண்ணும் சொல்லலியே. ஆறு வருசமா கீழதான் கீறாரு, ஒரு நாளு கம்ப்ளைண்ட் பண்ணல!”

சுற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சாலமன் சார் சிரிக்கவில்லை. “முன்னாடி ஒருத்தர் இருந்த குழியில கட்டின எதுவும் செல்லாது. அதுதான் தீர்மானம்” என்றார், வகுப்புக்குச் சொல்வதுபோல் உரக்க.

சிரிப்பு நின்றது. பக்கத்து வரிசையில் வெள்ளி அடித்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைத் தூக்கியபடி தன் காலடியைப் பார்த்தார். அவருக்கு அடுத்த பெண் தன் மெழுகுவத்தியைப் பார்த்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் கீழே பார்த்தார்கள். அந்தத் தோட்டத்தில் யாருக்கும் தரைத்தளம் கிடையாது. எல்லோரும் மாடிதான்.

தேவராஜ் அண்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். “சார். உங்க அம்மா எந்த தொர மேல கீறாங்கன்னு சொல்லட்டுமா?”

பென்சிலால் சுவர்ப் பக்கம் காட்டினார்.

“தோண்டுனது நான்தான சார். பீரங்கி படம் போட்ட கல்லு. கல்ல எடுத்து செவுத்தோரம் வெச்சோம். நீங்கதான வெக்கச் சொன்னீங்க.”

சாலமன் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டினார். கடப்பாரை ஆட்களில் ஒருவர், “சார், டீ குடிச்சுட்டு வர்றோம்” என்று நகர்ந்தார். அவர்கள் திரும்பி வரவில்லை.

“நாகரிகமா பேசணும், தேவராஜ்” என்றார் சாலமன் சார். பிறகு, கூட்டத்தைப் பார்க்காமல், கையிலிருந்த பூக்கூடையோடு தன் அம்மாவின் கல்லறை இருந்த பக்கம் போனார். அவரும் பெயின்ட் வாங்கி வந்திருந்தார். சுவரோரம் சாய்த்திருந்த பீரங்கிக் கல்லுக்கு அன்றைக்கு யாரோ ஒரு சாமந்தி வைத்தார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை.

சின்னத்தை அன்று மதியம் பதித்தோம். இடம் பற்றி ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. விதிப்படி காலடியில், தரை மட்டத்தில். அங்கே டால்பின் இருந்தது. “அதுங்கள ஒடைக்காத, மச்சினன் ஒட்டுனது” என்றார் ரீட்டா அக்கா. கல்லுக்குக் கீழே, மேடையை ஒட்டி, சிமென்ட் வைத்தோம். சந்தனக் கறையைத் துடைக்கப் போனேன்; வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அவர் இரண்டு நிபந்தனை வைத்தார். பெயின்ட் அடிப்பதை யாரும் கேட்கக் கூடாது. ஆசிட்டை மட்டும் அவரே விட்டுவிடுவார், ஏனென்றால் கை எரிகிறது. இரண்டையும் எழுதிக்கொண்டேன். டாரத்திக்குப் படம் போனது. பதில்: “குதிரையின் கண் கொஞ்சம் பயமாக இருக்கிறது. கடிதம் அவளிடம் இருக்கட்டும்.”

இப்போதைய நிலை இது. டைல்ஸ் மேடை இருந்த இடத்தில் இருக்கிறது. நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டதாகத் தாளில் எதுவும் தரப்படவில்லை, வாயால் சொல்லியிருக்கிறார்கள். ஃபிளெக்ஸ் பஜ்ஜிக் கடைக்கு மழைக்கு மறைப்பாகக் கட்டப்பட்டிருக்கிறது. கனடாக் கடிதம் லேமினேட் செய்யப்பட்டு, கள்ளிக்குப்பத்தில், ஆரோக்கியத்தின் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. உள்ளூரில் அவருக்கென்று யாரும் ஒரு தாள் கொடுத்ததில்லை. நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். குழுவின் அட்டவணையில் ஹார்ட்லியின் வரியில் ‘மீட்கப்பட்டது’ என்ற கட்டத்துக்கு டிக் விழவில்லை. அதற்குப் பக்கத்தில் ‘பார்த்துக்கொள்பவர்’ என்று புதிதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன்; சேர்த்தார்கள். அதில் ரீட்டா, கள்ளிக்குப்பம் என்று இருக்கிறது. மற்ற வரிகளில் அந்தக் கட்டம் காலி. வேலிக்கு வெளியே இருக்கும் மேடுகளுக்கு இன்னும் வரியே இல்லை.